வளைவில் பிறந்த டெர்பி

ஓட்ட நாய்களின் வரலாறு – பகுதி 6

வாட்டர்லூ கோப்பையை 1868, 1869, 1871 என மூன்று முறை வென்ற மாஸ்டர் மெக்ராத் என்ற ஐரிஷ் நாயோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். அந்தப் போட்டியின் இலக்கணத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டு மேலே போகலாம். லிவர்பூலுக்கு வடக்கே ஆல்ட்கார் சமவெளி. குளிர்காலப் பகல். உயிருள்ள முயல் ஒன்று ஓடுகிறது, அதன் பின்னால் இரண்டு கிரேஹவுண்டுகள் அவிழ்த்துவிடப்படுகின்றன. முயலைக் கவ்விய நாய்தான் வெல்லும் என்று கட்டாயமில்லை. முயலை நெருக்கி, அதன் போக்கைத் திருப்பவைத்து, அது திரும்பிய வேகத்துக்கு ஈடுகொடுத்துத் தானும் திரும்புகிற நாய்க்கே குதிரைமேல் இருக்கும் நடுவர் அதிகப் புள்ளி கொடுப்பார். நேராக ஓடுவது எல்லாக் கிரேஹவுண்டுக்கும் கைவந்தது. திரும்பத் தெரிந்த நாயையே ஆல்ட்கார் கொண்டாடியது.

கிரேஹவுண்டு டெர்பி என்ற மாபெரும் போட்டியின் கதையை இந்தத் திரும்புதலை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் துணிபு. அதன் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் பணத்தையும் கூட்டத்தையும் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இரண்டும் முக்கியம்தான், இங்கேயும் வரும். ஆனால் அந்தக் கூட்டத்தை மூச்சடக்கி நிற்கவைத்தது ஓடுகளத்தின் வளைவு. நாய்களின் எலும்பை முறித்ததும் அதே வளைவுதான்.

வளைவில்லாமல் இந்த விளையாட்டை நடத்த ஒருமுறை முயன்று பார்த்தார்கள். 1876இல், லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஹெண்டனில், வெல்ஷ் ஹார்ப் ஏரிக்கருகே, சுமார் 400 கஜ நீளத்துக்கு ஒரு தண்டவாளம் போட்டார்கள். அதன்மேல் பொம்மை முயலை வைத்துக் கயிறு சுற்றும் எந்திரத்தால் இழுத்தார்கள். நாய்கள் துரத்தின. உயிர்க்கொலை இல்லை, வயல்வெளி தேவையில்லை, கூட்டம் ஓரிடத்தில் நின்று பார்க்கலாம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த முயற்சி நிலைக்கவில்லை. பாதை நேர்கோடு, வேகமான நாய் முதல் அடியிலிருந்தே முன்னே இருக்கும், கடைசிவரை முன்னேயே இருக்கும். ஆல்ட்காரில் நடுவர் எதற்குப் புள்ளி கொடுத்தாரோ, பார்வையாளர்கள் எதைக் காண வந்தார்களோ, அது ஹெண்டனில் இல்லாமல் போயிற்று. ஐம்பது ஆண்டுகள் இங்கிலாந்தில் அந்த எண்ணத்தை யாரும் பெரிதாகத் தொடவில்லை.

திருப்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஓவன் பேட்ரிக் ஸ்மித் பல ஆண்டுகள் இயந்திர முயலோடு மல்லுக்கட்டியவர். முயல்கள் கொல்லப்படுவதைப் பொறுக்காமல்தான் அவர் இதில் இறங்கினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1919இல் கலிஃபோர்னியாவின் எமரிவில் நகரில் அவர் திறந்த ஓடுகளம் நீள்வட்டமாக இருந்தது. முயல் வட்டமடித்து ஓடியது. நாய்கள் வளைந்து வளைந்து துரத்தின. அங்கே கண்ட விளையாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் மன் என்ற அமெரிக்கர். அவரோடு சேர்ந்தவர்களில் முதன்மையானவர் கனடாவில் பிறந்து, முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிகேடியர் ஜெனரல் ஆல்ஃபிரட் கிரிச்லி. வேட்டைநாய் உலகை நன்கறிந்த மேஜர் லைன் டிக்ஸனும் கூட்டு சேர்ந்தார். கிரேஹவுண்டு ரேசிங் அசோசியேஷன் என்ற நிறுவனம் உருவானது. மான்செஸ்டரின் பெல் வியூ பகுதியில், கிரேஹவுண்டு ஓட்டத்துக்கென்றே ஒரு களத்தைக் கட்டினார்கள்.

1926 ஜூலை 24, சனிக்கிழமை. நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் முடிந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. நிலக்கரித் தொழிலாளர்கள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அன்று பெல் வியூவுக்கு வந்தவர்கள் சுமார் 1,700 பேர்தான். 440 கஜத்துக்கான முதல் பந்தயத்தை மிஸ்ட்லி என்ற நாய் வென்றது. மைதானத்தின் பரப்போடு ஒப்பிட்டால் 1,700 பேர் அங்கொருவர் இங்கொருவராகத்தான் தெரிந்திருப்பார்கள். ஆனால் வந்தவர்கள் ஊருக்குள் போய்ச் சொன்னார்கள். கோடை முடிவதற்குள் கூட்டம் பத்தாயிரத்தைத் தாண்டியது. 1927 முடிவதற்குள் பிரிட்டனில் சுமார் நாற்பது ஓடுகளங்கள் இயங்கின.

இத்தனை வேகத்துக்குக் காரணம் என்ன? அன்றைய பிரிட்டிஷ் சட்டத்தை ஒருகணம் பார்க்க வேண்டும். 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தெருவில் ரொக்கம் கொடுத்துப் பந்தயம் கட்டுவது குற்றம். வசதியுள்ளவர்கள் புக்கி எனப்படும் பந்தயத் தரகரிடம் கணக்கு வைத்துக்கொண்டு தொலைபேசியிலோ கடிதத்திலோ கடனுக்குக் கட்டலாம், அதற்குத் தடையில்லை. கூலிக்காரர் மாதிரிக் கையிலிருக்கும் ஒரு ஷில்லிங்கைக் கட்ட நினைப்பவர் பந்தய மைதானத்துக்கே போனால்தான் சட்டப்படி கட்ட முடியும். குதிரைப் பந்தயமோ பகலில், வேலைநாளில், ஊருக்கு வெளியே நடந்தது. எப்சம் டெர்பிக்கு ஒரு நாள் கூலியை இழந்து ரயில் ஏறிப் போகலாம். வாரம்தோறும் போக முடியுமா? நாய்ப் பந்தயம் மாலையில், மின்விளக்கு வெளிச்சத்தில், டிராம் வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது. ஆலைச் சங்கு ஊதியபின் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் முதல் பந்தயத்தைப் பார்க்கலாம். பெண்களும் வந்தார்கள். பணக்காரருக்கு அனுமதித்த ஒன்றை ஏழைக்கு மறுத்த சட்டத்தில் இருந்த இடைவெளி வழியாகத்தான் இந்தப் போட்டி நகரங்களுக்குள் நுழைந்தது. அதைச் சூதாட்ட வெறி என்று மட்டும் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. தேவாலயங்கள் கண்டித்தன. சூதாட்ட எதிர்ப்பு இயக்கத்தார் மனுப்போட்டார்கள். நாவலாசிரியரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் பக்கன் 1928இல், ஓடுகளங்களை அனுமதிக்கவும் மறுக்கவும் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

லண்டனில் கிரேஹவுண்டு ரேசிங் அசோசியேஷனுக்குக் கிடைத்த இடம் ஒயிட் சிட்டி. 1908ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்காகக் கட்டிய அரங்கம் அது. மராத்தான் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி தள்ளாடி விழுந்து, கைதூக்கி விடப்பட்டு, பிறகு தகுதியிழந்தது அங்கேதான். ஒலிம்பிக் முடிந்தபின் பெரிய பயன்பாடு ஏதுமின்றிக் கிடந்த அந்த அரங்கத்தைக் கிரேஹவுண்டு ரேசிங் அசோசியேஷன் எடுத்துப் புதுப்பித்து, புல்தரை ஓடுகளம் அமைத்து, 1927 ஜூன் 20 அன்று திறந்தது. அதே ஆண்டு ஒரு தலையாய போட்டியை அறிவித்தார்கள். 1780 முதல் எப்சமில் நடக்கும் குதிரை டெர்பியின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

முதல் டெர்பியின் இறுதிப் பந்தயம் 1927 அக்டோபர் 15 அன்று நடந்தது. தொலைவு 500 கஜம். ஜோ ஹார்மன் பயிற்றுவித்த என்ட்ரி பேட்ஜ் 29.01 வினாடியில் வென்றது. அடுத்த ஆண்டு தொலைவை 525 கஜமாக்கினார்கள். போஹர் ஆஷ் வென்றது. இரண்டும் நல்ல நாய்கள். ஆனால் நாய்க்காக யாரும் வரவில்லை. கூட்டம் பந்தயத்துக்காகவும் பந்தயப் பணத்துக்காகவும் வந்தது. அக்காலத்தில் இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ஒரு நாயின் பெயரில் இன்னொரு நாயை ஓடவிடுவார்கள் என்ற சந்தேகம். மருந்து கொடுப்பார்கள், வயிறு நிறையத் தீனி போட்டு வேகத்தைக் குறைப்பார்கள் என்ற பேச்சு. 1928 தொடக்கத்தில் நேஷனல் கிரேஹவுண்டு ரேசிங் கிளப் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு செயல்படத் தொடங்கியது. ஒவ்வொரு நாய்க்கும் அடையாளப் புத்தகம் வைத்தார்கள். அதில் நாயின் நிறம், உடற்குறிகள், ஓடிய பந்தயங்கள் எல்லாம் எழுதப்படும். களத்தில் இறக்குமுன் புத்தகத்தோடு நாயை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்தப் புத்தகம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு நாய்க்குச் சாட்சியோடு கூடிய வரலாறு கிடைத்தது இதனால்தான். வரலாறு கிடைத்தபிறகுதான் புகழும் கிடைக்க முடியும்.

புகழ் பெறப்போகும் நாய் அப்போது அயர்லாந்தில் இருந்தது.

ஆஃபலி மாவட்டத்தில் கில்லி என்பது ஒரு சிற்றூர். அங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் மார்ட்டின் பிராஃபி. கிரேஹவுண்டு வளர்ப்பதில் அவருக்குத் தீராத ஆர்வம். 1926 ஜூனில் அவருடைய நாய் ஈன்ற குட்டிகளில் ஒன்று மிகச் சிறியதாக, தேறாது என்று ஒதுக்கத்தக்கதாக இருந்தது. பாதிரியார் இல்லத்தில் எடுபிடி வேலை பார்த்துவந்த மிக் மில்லர் அதைத் தானே வளர்ப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதனாலேயே குட்டிக்கு மிக் தி மில்லர் என்று பெயர். அந்தக் குட்டி கண் திறந்து சில நாட்களிலேதான் மான்செஸ்டரில் மிஸ்ட்லி ஓடியது. விளையாட்டும் அதன் முதல் நாயகனும் ஒரே கோடையில் பிறந்தவை.

நம் பக்கத்துக் கன்னி, சிப்பிப்பாறை நாய்களைப் பார்த்தவர்களுக்குக் கிரேஹவுண்டின் உடம்பை விளக்க வேண்டியதில்லை. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கழுத்து, மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் வேட்டை. மிக் அந்த இனத்தில் பெரிய உருவம் இல்லை. டப்ளினில் ஷெல்போர்ன் பார்க் களம் 1927இல் திறந்தபின், அது அங்கே ஓடிப் பெயரெடுக்கத் தொடங்கியது. அப்போது டிஸ்டெம்பர் நோய் தாக்கியது. தடுப்பூசி பரவலாகாத காலம். அந்த நோய் வந்த நாய் பிழைப்பதே அரிது, பிழைத்தாலும் ஓடுவது அதனினும் அரிது. ஷெல்போர்ன் பார்க்கின் மேலாளராக இருந்த ஆர்தர் கேலனன் கால்நடை மருத்துவரும்கூட. அவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதால் மிக் பிழைத்தது. தேறாது என்று இரண்டாம் முறையும் கருதப்பட்ட நாய் அது.

1929 கோடையில் பிராஃபி அதை லண்டனுக்கு அழைத்துவந்தார். தேவாலயங்கள் கண்டித்த விளையாட்டின் முதற்பெரும் நாய் ஒரு பாதிரியார் இல்லத்தில் பிறந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கிராமத்து அயர்லாந்தில் நாய் வளர்ப்பு ஏழைக்கும் பங்குத்தந்தைக்கும் பொதுவான பொழுதுபோக்காக இருந்தது. லண்டன் நகரத்தார் பார்த்த பாவம் அங்கே யார் கண்ணுக்கும் படவில்லை.

டெர்பியின் முதல் சுற்றில் மிக் 525 கஜத்தை 29.82 வினாடியில் ஓடியது. அந்தத் தொலைவில் முப்பது வினாடிக்குள் எந்த நாயும் அதுவரை ஓடியதில்லை. ஒயிட் சிட்டி அரங்கமே அதிர்ந்தது. ஆல்பர்ட் வில்லியம்ஸ் என்ற லண்டன் புக்கி 800 கினிக்கு நாயை வாங்கினார். ஒரு கினி ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். அந்தப் பணத்தில் லண்டன் புறநகரில் ஒரு வீடே வாங்கியிருக்கலாம்.

இறுதிப் பந்தயத்துக்கு வருவோம். இங்கேதான் வளைவு தன் முழு முகத்தையும் காட்டியது. பெட்டிகளின் கதவு மேலெழுந்து நாய்கள் பாய்ந்து, முதல் வளைவை அடைந்தன. உள்வட்டத்தைப் பிடிக்க எல்லாமே ஒரே இடத்துக்கு நெருங்க, மோதல். மிக் சிக்கிக்கொண்டது. மோதலிலிருந்து விலகியிருந்த பலாட்டினஸ் என்ற நாய் தன்னந்தனியாக ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தது. பந்தயம் செல்லாது என்று அறிவித்தார்கள். பலாட்டினஸுக்குக் கட்டியவர்களின் குமுறலையும், மிக்குக்குக் கட்டியவர்களின் ஆரவாரத்தையும் ஊகிக்கலாம். நியாயமாகப் பார்த்தால் பலாட்டினஸ் எந்தத் தவறும் செய்யவில்லை. வளைவில் தப்பிப்பதும் ஒரு திறமைதானே என்று கேட்டால் அதில் பொருளுண்டு. ஆனாலும் அன்று மாலையே மறுபடி ஓடவைத்தார்கள். இம்முறை மிக் பலாட்டினஸைப் பின்தள்ளி, மூன்று உடல்நீளம் முன்னே 29.96 வினாடியில் வென்றது. ஒரே மாலையில் இருமுறை முழுப் பந்தயம் ஓடியபின்னும், டெர்பி இறுதியில் 525 கஜத்தை முப்பது வினாடிக்குள் முடித்த முதல் நாயாயிற்று.

பிறகு அருண்டெல் கெம்ப்டன் என்பவர் 2,000 கினி கொடுத்துத் தன் மனைவிக்காக மிக்கை வாங்கினார். விம்பிள்டன் களத்தின் பயிற்சியாளர் சிட்னி ஆர்ட்டனிடம் நாய் போய்ச் சேர்ந்தது. அங்கே தொடர்ச்சியாக 19 பந்தயங்களை வென்றது. 1930இல் மீண்டும் டெர்பி. மீண்டும் வெற்றி, 30.24 வினாடி. அதே ஆண்டு வெல்ஷ் டெர்பியையும் வெஸ்ட் ஹாமில் நடந்த செசரெவிச் கோப்பையையும் வென்றது.

மிக்கைப் பார்த்தவர்கள் எழுதிவைத்ததில் ஒன்று எல்லோரிடமும் ஒத்துப்போகிறது. பெட்டியிலிருந்து அது முதலில் வெளிவருவது அபூர்வம். வெறும் நேர்கோட்டு வேகத்தில் அதைவிட விரைவான நாய்கள் அந்தக் காலத்திலேயே இருந்தன. மிக்கின் வித்தை வளைவில் இருந்தது. மற்ற நாய்கள் முயலை மட்டும் பார்த்து ஓடும்போது, மிக் தன் பக்கத்து நாய்களையும் கணக்கில் எடுத்தது. முன்னே ஓடும் நாய் வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்கும் கணத்துக்காகக் காத்திருந்து, திறந்த இடைவெளியில் உள்ளே புகும். நெரிசல் ஏற்படப்போகிறது என்றால் ஓரடி பின்வாங்கும். இது புத்தியா, கண்பார்வையின் கூர்மையா, பயிற்சியா என்பதை அவரவர் விருப்பப்படி சொல்லலாம். நான் அதைப் புத்தி என்றே சொல்வேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் வேட்டைக்கு வளர்த்த நாய்களிடம், முயல் திரும்பும் திசையை முன்கூட்டியே கணிக்கும் அறிவு ஊறிப்போயிருந்தது. ஆல்ட்கார் வயலில் முயலுக்கு எதிராகப் பயன்பட்ட அதே அறிவை மிக் சக நாய்களின் போக்கை அறியப் பயன்படுத்தியது. ஆயிரக்கணக்கானோர் அதை வளைவுக்கு வளைவு கண்ணால் கண்டார்கள். பந்தயம் கட்டாதவர்களும் அந்த ஒரு நாய்க்காக வந்தார்கள். டெர்பி இங்கிலாந்தின் பொது நிகழ்ச்சியானது அப்போதுதான்.

1931 டெர்பி. மிக்குக்கு வயது ஐந்து. ஓடும் கிரேஹவுண்டுக்கு அது முதுமை. பெரும்பாலானவை நான்கு வயதுக்குள் ஓய்ந்துவிடும். மூன்றாம் முறையாக வெல்லுமா என்ற ஒரே கேள்விக்காக ஒயிட் சிட்டி நிரம்பி வழிந்தது. இறுதிப் பந்தயத்தில் ரைலண்ட் ஆர் என்ற நாய் முன்னே போயிற்று. வளைவொன்றில் அதை நெருங்கிய நாயின்மேல் ரைலண்ட் ஆர் பாய்ந்து சண்டைக்கு நின்றது. களத்தில் இது பெருங்குற்றம். நடுவர்கள் பந்தயத்தை நிறுத்தும் ஒலியை எழுப்பினார்கள். நாய்களுக்கு ஒலி என்ன தெரியும்? மிக் வழக்கம்போலச் சிக்கலிலிருந்து விலகி, இடைவெளியைக் கண்டுபிடித்து, எல்லைக்கோட்டை முதலில் கடந்தது. மூன்றாம் டெர்பி கிடைத்துவிட்டது என்று கூட்டம் கூவிக்கொண்டிருக்கும்போதே, செல்லாது என்ற அறிவிப்பு வந்தது.

கூட்டம் கொந்தளித்தது. இரண்டாண்டுகளுக்கு முன் இதே விதி மிக்கைக் காப்பாற்றியது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில் இல்லை. கிழநாயை மறுபடி ஓடவைக்கக் கெம்ப்டனுக்கு மனமில்லை. களத்தார் வற்புறுத்தி இணங்கவைத்தார்கள். அந்த இணக்கம் தவறு என்றே நினைக்கிறேன். 525 கஜத்தை முழுமூச்சாக ஓடிமுடித்த ஐந்து வயது நாயின் கால்கள் அதே மாலையில் இன்னொரு முறை அந்த வளைவுகளுக்குத் தயாராக இருந்திருக்க முடியாது. மறு ஓட்டத்தில் செல்டம் லெட் வென்றது. மிக் நான்காவதாக வந்தது. புத்தகங்களில் 1931 டெர்பி செல்டம் லெட்டின் பெயரில்தான் இருக்கிறது. விதிப்படி அது சரி. அன்று அரங்கில் நின்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள்.

இதற்குப் பின்னும் மிக் ஒரு பெரிய வெற்றியை வைத்திருந்தது. அதே 1931 அக்டோபரில் வெம்ப்ளியில் 700 கஜ செயின்ட் லெஜர் இறுதியை வென்றது. நீண்ட தொலைவு, அதிக வளைவுகள். முழுக்க முழுக்க அதற்கே உரிய களம். அதுவே கடைசிப் பந்தயம். 1934இல் வைல்டு பாய் என்ற திரைப்படத்தில் நடித்தது. 1939இல் இறந்தபின் உடல் பதப்படுத்தப்பட்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. இப்போது ஹார்ட்ஃபர்ட்ஷர் மாவட்டத்தின் ட்ரிங் ஊரிலுள்ள அதன் கிளையில் இருக்கிறது. கில்லி கிராமத்தில் 2011இல் சிலை எழுப்பினார்கள்.

அடுத்த ஆண்டுகளுக்குப் போகுமுன் வளைவின் இன்னொரு கணக்கையும் எழுதியாக வேண்டும். பிரிட்டனில் கிரேஹவுண்டுகள் இடஞ்சுழியாக, அதாவது இடப்பக்கம் திரும்பியபடியே ஓடுகின்றன. விரைந்து திரும்பும் பேருந்தில் நிற்பவர் வெளிப்பக்கம் தள்ளப்படுவதுபோல, வளைவில் நாயின் உடம்பையும் ஒரு விசை வெளியே தள்ளுகிறது. கால்கள்தான் அதைத் தாங்க வேண்டும். மனித ஓட்டக்காரர் வளைவில் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். கிரேஹவுண்டு குறைப்பதில்லை. பிரிட்டனின் ராயல் கால்நடைக் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் அஷர்வுட், ஆலன் வில்சன் இருவரும் 2005இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. வளைவில் கால்களின் மீதான விசை சுமார் 65 விழுக்காடு கூடியபோதும் நாய்கள் வேகத்தைக் குறைக்கவில்லை. நாய்க்கு முன்னே தள்ளும் சக்தி முதுகிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருகிறது. கால் பெரும்பாலும் எடையைத் தாங்கும் தூணாகவே இருக்கிறது. அதனால் வளைவில் தூணுக்குப் பாரம் கூடுகிறதே தவிர ஓட்டம் தளர்வதில்லை.

ஆயிரக்கணக்கானோர் கைதட்டி ரசித்த அந்தக் குறையாத வேகத்துக்கு விலை உண்டு. வலப் பின்னங்காலின் கணுமூட்டுக்குள் இருக்கும் சிறிய எலும்புகளில் ஒன்று நொறுங்குவது, இடஞ்சுழிக் களங்களில் ஓடும் கிரேஹவுண்டின் தனி அடையாளமாகவே கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த காயம். வெளிப்பக்கக் கால், பின்னங்கால், ஒரே திசையில் ஆண்டுக்கணக்கில் திருப்பம்; எலும்பு களைத்துப் போகிறது. கணுமூட்டு உடைந்த நாய் பெரும்பாலும் மீண்டும் பந்தயம் ஓடாது. ஓடாத நாய்க்குச் சோறு போட யார் இருந்தார்கள் என்ற கேள்வி பல பத்தாண்டுகள் கேட்கப்படவே இல்லை. ஓய்வுபெற்ற நாய்களுக்கு வீடு தேடித்தரும் அறக்கட்டளையை இந்தத் துறை தொடங்கியது 1970களில்தான். மிக்குக்கு அருங்காட்சியகம் கிடைத்தது. அது ஓடிய களங்களில் கால் உடைந்த நாய்களின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. மிக்கின் மேதைமையை இவ்வளவு நேரம் வியந்து எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் வரலாறு எழுதியவனாக மாட்டேன். ஆல்ட்கார் வயலில் முயல் செத்தது. ஓவன் ஸ்மித் முயலைக் காப்பாற்றினார். ஆபத்து துரத்தும் நாயின் காலுக்கு மாறிற்று.

மிக்கின் இரட்டை வெற்றி நெடுநாள் எட்டாக்கனியாகவே இருந்தது. 1972, 1973 ஆண்டுகளில் பேட்ரிசியாஸ் ஹோப் அடுத்தடுத்து வென்றபோதுதான் அதற்கு ஈடு கிடைத்தது. பிறகு 2000, 2001இல் ரேபிட் ரேஞ்சர்; 2005, 2006இல் வெஸ்ட்மெட் ஹாக். இதில் வெஸ்ட்மெட் ஹாக் மிக்கைப் போலவே தாமதமாகப் புறப்பட்டுப் பின்னாலிருந்து வந்து வெல்லும் நாய் என்பதால், அதன் பந்தயங்களை ஒரு தனிப் பகுதியில் பார்ப்போம். அப்போது டெர்பி ஒயிட் சிட்டியை விட்டு விம்பிள்டனுக்குப் போயிருந்தது. மூன்று டெர்பி வென்ற நாய் இன்றுவரை இல்லை.

மிக் ஓய்ந்தபின் கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பந்தயப் பணத்தைப் பொதுவில் திரட்டிப் பங்கிடும் டோட்டலைசேட்டர் எந்திரங்களை நாய்க் களங்களில் வைக்கலாமா கூடாதா என்று நீதிமன்றமும் நாடாளுமன்றமும் சில ஆண்டுகள் மோதிக்கொண்டன. 1934இல் வந்த பந்தய, லாட்டரிச் சட்டம் எந்திரத்தை அனுமதித்தது. கூடவே ஒரு களத்தில் ஆண்டுக்கு 104 நாட்களுக்கு மேல் பந்தயம் கட்ட இடம் தரக்கூடாது என்று வரம்பும் போட்டது. மறு ஆண்டே கிரேட்டா ராணி என்ற பெட்டைநாய் டெர்பியை வென்றது. பெட்டை ஒன்று வென்றது அதுவே முதல் தடவை. அந்தச் சட்டத்தையும் அந்த நாயையும் அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்வோம்.